சீதபற்பநல்லூர் தாண்டியதும் நின்றுபோகும் ஹெரால்ட்

போன கத்திரி வெயிலில் பாளையங்கோட்டையில் இருக்கும் என் ஷெட்டுக்கு ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்ட் வந்தது. 1969ஆம் வருடத்து மார்க் 3, நான்கு கதவு வண்டி. ஹெரால்டில் நான்கு கதவு என்பது இந்தியாவில் மட்டும் வந்தது, அதுவும் நம் சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்தது என்பதால் எனக்கு இந்த வண்டிமேல் தனிப் பாசம் உண்டு. வண்டி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது, அவர் அப்பா புதிதாக வாங்கியது. வாரம் ஒரு முறை பாவூர்சத்திரம் பக்கத்தில் இருக்கும் தோட்டத்துக்கு அதில்தான் போய்வருவார்.

குறை இதுதான். காலையில் கிளம்பினால் செல்ஃப் கொஞ்சம் நீளமாக அடிக்க வேண்டும், மற்றபடி வழியில் ஒன்றும் இல்லை. பதினோரு மணிக்கு மேல் வெயிலில் கிளம்பினால் பேட்டை தாண்டி, சீதபற்பநல்லூர் தாண்டி, ஆலங்குளம் வருவதற்குள் இன்ஜின் இரண்டு மூன்று தடவை இழுத்து இழுத்துக் குலுங்கி நின்றுவிடும். அரை மணி நேரம் நிறுத்தி, டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து கார்புரேட்டருக்கு அனுப்பும் பம்ப் மேல் ஈரத்துணி போட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஓடும். பத்து கிலோமீட்டர் போனால் மறுபடி அதே கதை. சாரல் காலத்தில் இந்தத் தொந்தரவே இல்லை.

"தம்பி, எல்லாரும் வேப்பர் லாக்குன்னு சொல்லுதாங்க. பம்பை மாத்தியாச்சு, காயில் மாத்தியாச்சு, துணியும் தண்ணியும் டிக்கியிலேயே வச்சிருக்கேன். இன்னும் என்னதான் செய்யணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைப்பதைத்தான் வேப்பர் லாக் என்பார்கள். ஏற்கனவே இரண்டு இடத்தில் வேலை நடந்திருக்கிறது. ஒரு இடத்தில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்திருக்கிறார்கள், இன்னொரு இடத்தில் பழைய பம்பைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டிருக்கிறார்கள். பழைய பம்பை அவர் தூக்கிப் போடாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். அதற்காகவே அவருக்கு நன்றி சொன்னேன், ஏனென்று பின்னால் வருகிறேன்.

ஒரு விஷயத்தைக் கேட்டதும்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. பழைய பம்ப் இருந்தபோது வண்டி ஆலங்குளம் வரைக்கும் போய் நிற்குமாம். புது பம்ப் போட்ட பிறகு அதற்கு முன்னாலேயே, சீதபற்பநல்லூர் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே நிற்கிறதாம். பம்ப் தான் குறை என்றால், புதிது போட்டதும் ஒன்று குறை தீர வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே இருக்க வேண்டும். கூடியது ஏன்?

கருவியை எடுக்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், இதை யாரும் போடுவதில்லை. இந்த 948 சிசி இன்ஜின் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று சார் எழுதி வைத்திருக்கிறார். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய நாலரை லிட்டர், ஒரு நிமிடத்துக்கு 75 மில்லி பக்கம், ஒரு டீ கிளாஸ் அளவுகூட இல்லை. இந்த மாதிரி மெக்கானிக்கல் பம்ப் நல்ல நிலையில் இருந்தால் ஒரு நிமிடத்தில் அரை லிட்டர் தள்ளும், அதாவது தேவையைப் போல ஆறு மடங்கு. அதனால் பம்ப் பாதி பலம் இழந்தாலும் சமதரையில் வண்டி நிற்க வேண்டியதில்லை. நிற்கிறது என்றால் கொஞ்சம் குறைகிற விஷயம் இல்லை, வழியே அடைபடுகிறது, அல்லது காற்று புகுகிறது, அல்லது ஆவி நிரம்புகிறது.

பம்ப் வேலை செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வரும் அளவுகள் புரியாது. இன்ஜினோடு சுற்றும் கேம் ஷாஃப்டில் எக்சென்ட்ரிக் என்று ஒரு பக்கம் மேடான வட்டு இருக்கிறது, அது ராக்கர் ஆர்ம் என்ற நெம்புகோலை அசைக்கிறது, ஆர்ம் டயாஃப்ரம் என்ற மெல்லிய ஜவ்வைக் கீழே இழுக்கிறது. அப்போது டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. திரும்ப மேலே தள்ளுவது ஆர்ம் இல்லை, டயாஃப்ரமுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங். ஆக, உறிஞ்சும் பலம் இன்ஜினுடையது, தள்ளும் பலம் ஸ்பிரிங்குடையது. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் நிரம்பி, அதன் வாயில் இருக்கும் ஊசி வால்வு மூடிவிட்டால் டயாஃப்ரம் கீழேயே நிற்கும், ஆர்ம் சும்மா அசைந்துகொண்டிருக்கும். உறிஞ்சும் பக்கம் வேறு, தள்ளும் பக்கம் வேறு என்பதைப் பிரித்துப் பார்க்காமல் பம்பைக் குற்றம் சொல்லக் கூடாது என்பது என் பிடிவாதம்.

வேப்பர் லாக் என்று சொன்னவர்கள்மேல் தப்பில்லை. ஹெரால்டில் பம்ப் இடதுபக்கம் இருக்கிறது, கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டும் வலதுபக்கம். பம்பிலிருந்து போகும் மெல்லிய பைப் இன்ஜினுக்கு முன்னால் சுற்றி, தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தை ஒட்டித்தான் அந்தப் பக்கம் போகிறது. அது சூடாகி உள்ளே பெட்ரோல் ஆவியாகும் என்று நினைக்க நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஆவிக்குப் பின்னால் பம்பின் அழுத்தம் இருக்கிறது, கிண்ணத்தில் இடம் வந்ததும் அது தள்ளப்பட்டுவிடும். ஆவி உண்மையில் தொந்தரவு செய்யும் இடம் உறிஞ்சும் பக்கம். பொதிகை மலை உச்சியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடும் இல்லையா, காற்றழுத்தம் குறைவதால். அதே மாதிரி, குழாயில் உறிஞ்சும் இழுப்பு கூடக் கூட பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிறது. அப்படி ஆவி வந்தால் அது நோயா, வேறு ஒரு நோயின் அடையாளமா என்று பார்க்க வேண்டும்.

முதல் நாள் நான் கருவி எதுவும் மாட்டாமல் சாருடன் வண்டியில் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. சொன்ன இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே நின்றது. இந்த வண்டியில் ஒரு பெரிய வசதி, பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்துவிடும், முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பிளக் கழற்றி ஸ்பார்க் பார்த்தோம், நீல நிறத்தில் பளிச்சென்று அடித்தது. இன்ஜின் கொஞ்சம் ஆறும்வரை பொறுத்து கார்புரேட்டர் மூடியைத் திறந்தோம், கிண்ணத்தில் அடிமட்டத்தில் மட்டும் ஈரம். சரி, கரண்ட் பக்கம் இல்லை, பெட்ரோல்தான் வரவில்லை என்பது உறுதியானது. டேங்க் மூடியைத் திறந்தேன், காற்று உள்ளே இழுக்கும் சத்தம் எதுவும் இல்லை. மூடியின் காற்றோட்டத் துளை அடைந்திருந்தால் அப்படி ஒரு 'உஸ்' வந்திருக்கும். மூடியைத் தளர்த்தி வைத்தே மறுபடி ஓட்டியும் நின்றது, ஆகவே அதுவும் இல்லை.

அங்கே நின்றபடி பம்பின் பக்கவாட்டில் இருக்கும் பிரைமிங் லீவரைக் கையால் அடித்தேன். கை பாரமே தெரியவில்லை. இதை வைத்துத்தான் போன ஒர்க்ஷாப்பில் பழைய பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். இன்ஜின் நிற்கும்போது எக்சென்ட்ரிக்கின் மேடு ஆர்முக்கு நேராக நின்றுவிட்டால், டயாஃப்ரம் ஏற்கனவே முழுக்கக் கீழே இழுக்கப்பட்டிருக்கும், அப்போது கை லீவர் எதையும் பிடிக்காது. இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடிக்க வேண்டும். சுற்றிவிட்டு அடித்தேன், பாரம் வந்தது, ஆனால் ரொம்பவே கனமாக, எதையோ எதிர்த்து இழுப்பது போல இருந்தது. அதைக் குறித்துக்கொண்டேன்.

ஷெட்டுக்கு வந்து குளிர்ந்த நிலையில் எல்லாவற்றையும் சோதித்தால், எல்லாமே பாஸ். கார்புரேட்டர் பக்கம் பைப்பைக் கழற்றி, இக்னிஷன் காயில் ஒயரை எடுத்துவிட்டு, செல்ஃப் அடித்து விட்டுவிட்டுப் பார்த்ததில் பாட்டில் தாராளமாக நிரம்பியது. உறிஞ்சும் பைப் வழியாக டேங்கை நோக்கி ஊதினேன், தடையில்லாமல் டேங்கில் குமிழி போகும் சத்தம் கேட்டது. பம்பில் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் தூசி கொஞ்சம், சல்லடை சுத்தம். ஹோஸ் இரண்டும் வெளியே பார்க்கப் புதிதாக, ஒரு வெடிப்புகூட இல்லாமல் இருந்தன. இதற்கு முன் பார்த்த இருவரும் இங்கேதான் ஏமாந்திருக்கிறார்கள். நிற்கிற வண்டியை நிற்கிற நிலையில்தான் சோதிக்க வேண்டும். ஷெட் நிழலில் அது நல்ல பிள்ளை.

ஆகவே அளவிடும் கருவிகளை வண்டியோடு கட்டி அனுப்புவது என்று முடிவு செய்தேன். பம்புக்கு முன்னால், ஹோஸும் பம்பும் சேரும் இடத்தில் ஒரு டி (T வடிவ இணைப்பு) மாட்டி, உறிஞ்சும் இழுப்பை அளக்கும் வேக்வம் கேஜ், பம்புக்குப் பின்னால் கார்புரேட்டர் போகும் வழியில் இன்னொரு டி மாட்டி பிரஷர் கேஜ். இரண்டையும் வைப்பருக்குக் கீழே, கண்ணாடிக்கு வெளியே டேப் ஒட்டி நிறுத்தினேன், உள்ளே உட்கார்ந்தே படிக்கலாம். பெட்ரோல் இருக்கும் குழாயை ஒருபோதும் வண்டிக்குள் கொண்டுவரக் கூடாது, கேஜ் வெளியேதான் இருக்க வேண்டும். உள்ளே ஒரு தீயணைப்பு சிலிண்டரும் வைத்துக்கொண்டோம்.

இந்த இரண்டு முள்ளும் சேர்ந்து சொல்லும் கதை மிகத் தெளிவானது. பிரஷர் விழும்போது வேக்வம் கூடினால், பம்புக்கு முன்னால் வழி அடைபடுகிறது. பிரஷர் விழும்போது வேக்வமும் விழுந்தால், காற்று புகுகிறது, அல்லது பம்பே உறிஞ்சவில்லை. இரண்டும் சரியாக இருந்து இன்ஜின் மட்டும் நின்றால் ஊசி வால்வு, ஜெட் என்று கார்புரேட்டர் பக்கம் போக வேண்டும்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினோம். பழைய பேட்டை தாண்டும்போது வேக்வம் 2 அங்குலம் (பாதரச அளவில்), பிரஷர் நாலரை பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு நாலரை பவுண்டு). இந்தப் பிரஷர் இந்த வண்டிக்கு அதிகம் என்பதை அங்கேயே கவனித்தேன், அது தனிக் கதை. வெயிலில் இன்ஜின் அறை சூடாகச் சூடாக வேக்வம் மூன்று, நாலு என்று ஏறியது. சீதபற்பநல்லூரில் லாரிகளுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்தபோது ஆறு. அங்கிருந்து வேகம் பிடித்ததும் ஏழு, எட்டு, ஒன்பது. பிரஷர் மூன்றாகி, ஒன்றாகி, சார் "தம்பி, இழுக்குது, இழுக்குது" என்று சொல்லும்போதே பூஜ்யத்துக்கு வந்தது. அதற்குப் பின் அரை நிமிடத்தில் இன்ஜின் நின்றது, கிண்ணத்தில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

பம்ப் உயிரைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தது. வழிதான் மூடிக்கொண்டது.

நின்ற இடத்திலேயே, வேக்வம் இன்னும் இறங்காமல் இருக்கும்போதே, பம்புக்கு முன்னால் இருக்கும் அந்த ஒரு சாண் ஹோஸை விரலால் அழுத்தினேன். கொழகொழவென்று, வேகவைத்த கிழங்கு மாதிரி இருந்தது. சேஸில் வரும் இரும்பு பைப் ஆடாது, இன்ஜின் ஆடும், அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் துண்டு தேவை. அந்தத் துண்டுதான். துணியைத் தண்ணீரில் நனைத்து ஹோஸ் மேல் மட்டும் சுற்றினேன், பம்பைத் தொடவில்லை. ஐந்து நிமிடத்தில் கேஜ் இறங்கியது, வண்டி ஸ்டார்ட் ஆனது. இத்தனை நாள் பம்ப் மேல் போட்ட ஈரத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது இந்த ஹோஸ் மேல்தான். துணி வேலை செய்தது உண்மை, ஆனால் எதைக் குளிரவைத்து வேலை செய்தது என்பதைத்தான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொண்டார்கள்.

ஷெட்டில் அந்த ஹோஸைக் கழற்றி நெடுக்காக அறுத்துப் பார்த்தோம். வெளித்தோல் புதுசு. உள்தோல் ஊறி, தடித்து, ஒரு பக்கம் நூல் பின்னலை விட்டுப் பிரிந்து நாக்கு மாதிரி தொங்கியது. டேங்கை நோக்கி ஊதினால் அந்த நாக்கு படிந்து வழி விடும், பம்ப் இழுக்கும்போது எழுந்து வழியை அடைக்கும். ஊதிப் பார்த்தபோது ஏன் பாஸ் ஆனது என்பது இப்போது புரிந்தது. மிச்சம் இருந்த துண்டை வெந்நீரில் போட்டு, ஒரு முனையை அடைத்து, கை வேக்வம் பம்பால் இழுத்தேன், பச்சைத் தண்ணீரில் உருண்டையாக இருந்த ஹோஸ் வெந்நீரில் தட்டையாகிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் 'பெட்ரோல் டியூப்' என்று கேட்டு வாங்கிய ஹோஸ் அது. அதன்மேல் எந்தத் தர எண்ணும் அச்சிடப்படவில்லை. நாம் இப்போது ஊற்றும் பெட்ரோல் 1969இல் ஊற்றிய பெட்ரோல் இல்லை. 2022இல் பத்து சதவீத எத்தனால் கலப்பு, 2025இல் இருபது சதவீதம். எத்தனால் பழைய வகை ரப்பரில் ஊறி அதை வீங்க வைக்கும், மென்மையாக்கும், சில வகை ரப்பரைக் காயவைத்து வெடிக்கவும் வைக்கும். டேங்கில் வருடக்கணக்காக ஒட்டியிருந்த அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பம்பைத் தொடும் முன் ஹோஸைத் தொட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

புது பம்ப் போட்டதும் குறை ஏன் கூடியது என்பதற்கும் இதிலேயே விடை இருந்தது. பழைய பம்பின் டயாஃப்ரம் காய்ந்து விறைத்துப் போயிருந்தது, அதனால் அது மெதுவாக இழுத்தது. புதிது பலமாக இழுத்தது. தளர்ந்த ஹோஸைப் பலமாக இழுத்தால் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். இது என் கணிப்புதான், ஆனால் கேஜ் காட்டிய ஒன்பது அங்குலத்துக்குப் பிறகு எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

டேங்கிலிருந்து இரும்பு பைப்புக்குப் போகும் இடத்திலும் அதே நாளில் வாங்கிய அதே ஹோஸ் ஒரு துண்டு இருந்தது. அது சூடு படாத இடம், அதனால் அவ்வளவு கெடவில்லை, ஆனாலும் உள்ளே ஊறத் தொடங்கியிருந்தது. இரண்டுக்கும் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற தர எண் அச்சிட்ட ஹோஸ் போட்டேன். எத்தனால் தாங்கும் உள்தோல் உள்ளது, விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் மொத்தமே அரை மீட்டர்தானே. கிளிப்பும் ஓரம் மடித்த பட்டைக் கிளிப். பல் வைத்துத் திருகும் சாதாரணக் கிளிப் மெல்லிய ஹோஸை அறுத்துவிடும், அங்கே காற்று புகுந்தால் நாளைக்கு வேறு ஒரு நோய்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த நாலரை பி.எஸ்.ஐ. என் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. இந்த இன்ஜினுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டரை போதும். அதற்கு மேல் போனால் ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு கிண்ணம் நிரம்பி வழியும். "ஷெட்டைத் திறந்தா பெட்ரோல் வாடை அடிக்கி" என்று சார் முதல் நாளே சொன்னது ஞாபகம் வந்தது. டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பார்த்தேன், ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி நின்றது, பெட்ரோல் வாடையும் தெளிவாக இருந்தது. கிண்ணம் வழிந்து சிலிண்டர் வழியாகக் கீழே இறங்கியிருக்கிறது. பெட்ரோல் கலந்த ஆயிலில் பேரிங் ரொம்ப நாள் தாங்காது. வண்டி ரோட்டில் நிற்பதைவிட இதுதான் எனக்குப் பயம் தந்தது. இன்னொன்று, இன்ஜினை நிறுத்தியதும் பிரஷர் முள் சில நொடிகளில் பூஜ்யத்துக்கு விழுந்தது, புது பம்பின் வால்வுகள் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்ததும் அதனால்தான்.

எலக்ட்ரிக் பம்ப் போட்டுவிடலாமா என்று சார் கேட்டார். வேண்டாம் என்றேன். குறைந்த பிரஷர் உள்ளதைத் தேட வேண்டும், டேங்க் பக்கத்தில் பொருத்த வேண்டும், வண்டி மோதினால் தானாக நிற்க ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும், இதையெல்லாம் பாதி செய்வதைவிடச் செய்யாமல் இருப்பது மேல். பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன்.

பழைய பம்ப் நல்ல வார்ப்பு, ஆர்மின் பின் தேயவில்லை, வால்வுகளும் வாயால் உறிஞ்சினால் நாக்கில் பிடித்து நின்றன. (பெட்ரோல் வாடை போக நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகு.) மேல் உடலும் கீழ் உடலும் சேரும் இடத்தில் அரத்தால் ஒரு கோடு போட்டுவிட்டு ஆறு ஸ்க்ரூவையும் கழற்றினேன். அந்தக் கோடு இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது பைப் வரும் திசை மாறிவிடும். டயாஃப்ரமை அழுத்திக் கால் சுற்றுத் திருப்பினால் லிங்கிலிருந்து விடுபடும். எடுத்த டயாஃப்ரம் அப்பளம் மாதிரி இருந்தது, மடக்கியதும் ஓரத்தில் வெடித்தது. எத்தனால் தாங்கும் டயாஃப்ரம் கிட் வரவழைத்து மாட்டினேன், ஸ்பிரிங் மட்டும் பழையதையே போட்டேன், பிரஷரைத் தீர்மானிப்பது அதுதானே. ஸ்க்ரூக்களை முதலில் தளர்வாக விட்டு, ஆர்மை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் எதிரெதிராக இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் டயாஃப்ரம் இழுபட்ட நிலையிலேயே இறுகி, கொஞ்ச நாளில் கிழியும். அப்புறம் கண்ணாடிக் கிண்ணத்துக்குப் புது கார்க் வாஷர், பிளாக்கில் உட்காரும் இடத்துக்குப் புது கேஸ்கெட், கார்புரேட்டரில் ஊசி வால்வு, ஆயிலும் ஃபில்டரும் மாற்றம். முன்பக்கம் சுற்றிவரும் பைப்பையும் தெர்மோஸ்டாட் உடலைத் தொடாமல் ஒரு கிளிப் வைத்து விலக்கினேன். அது குறைக்குக் காரணம் இல்லை, ஆனாலும் அங்கே தொட்டுக்கொண்டு இருக்கக் கூடாது.

கேஜ்களைக் கழற்றாமலேயே அதே வாரம் மூன்று முறை, மூன்றும் மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல், பாவூர்சத்திரம் போய்வந்தோம். வேக்வம் ஒன்றரையைத் தாண்டவில்லை. பிரஷர் இரண்டேகால், இன்ஜினை நிறுத்திய பிறகும் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றது. மூன்றாவது நாள் ஆலங்குளத்தில் வேண்டுமென்றே இன்ஜினை நிறுத்தி, வெயிலிலேயே இருபது நிமிடம் விட்டு, மறுபடி சாவியைத் திருப்பினோம். இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. கேஜ்களையும் இரண்டு டிக்களையும் கழற்றி, டிக்கியில் இருந்த துணியையும் தண்ணீர்க் கேனையும் எடுத்துக் கொடுத்தேன். "கேன் இருக்கட்டும் தம்பி, ரேடியேட்டருக்கு வேணும்லா" என்று தண்ணீரை மட்டும் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார்.